பறவைக்கு எண்ணத் தெரியாது

இது நடந்தது. எனக்கே நடந்தது. கதை கட்டும் தெம்பு எனக்கு இல்லை. சனிக்கிழமை ஆனால் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது போய் நின்று, மணப்பெண்ணின் அத்தைமார் நாற்பது பேரை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிற பிழைப்பு என்னுடையது. வீட்டுக்கு வந்து விழுந்தால் செருப்பைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கும். அப்படிப்பட்டவளுக்குப் பேய் பிசாசைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இன்னொன்று. நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நடந்தது காலை ஒன்பது மணிக்கு. வெளியே நல்ல வெயில்.

என் பெயர் நபோசா. விக்டோரியா ஏரிக்கரையில் எந்தேபே என்ற ஊரில் இருக்கிறேன். கல்யாணம் இல்லாத நாட்களில் பறவைகளைப் படம் எடுப்பேன். அந்த வருடம் ஒரே ஒரு ஜோடிதான். புல்வே என்போம். ஆள் மார்பு உயரத்துக்கு நிற்கிற, நாரை மாதிரி ஒரு சாம்பல் நிறப் பறவை. மரச்செருப்பைக் கவிழ்த்து மூஞ்சியில் மாட்டிவிட்டதுபோல ஓர் அலகு. ஒரே இடத்தில் அசையாமல் நின்று முறைத்துக்கொண்டே இருக்கும். பழகாதவர்கள் அதைப் பார்த்தாலே பயப்படுவார்கள். எனக்குப் பயமில்லை, அலுப்புதான்.

ஒரு ஜோடி, ஒரு முழு வருடம். பெருமழை, அதற்குப் பின் வெயில், சிறுமழை, மறுபடி வெயில். கம்பாலாவில் ஜனவரியில் ஒரு கண்காட்சி இருந்தது. ஒரு சுவர் முழுக்க எனக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசிப் படத்தில் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க வேண்டும். அந்தப் படம் இல்லையென்றால் சுவரும் இல்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. முழங்கால் வலி. அந்தப் படம் கிடைக்காவிட்டால் பெரிய லென்ஸை விற்றுவிட்டு அத்தைமாரோடு மிச்சக் காலத்தை ஓட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

என்னைச் சதுப்புக்குள் கொண்டுபோனவர் கவீசா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். விக்டோரியா ஏரியில் கிதோகோ துறையில் தோணிக்காரர். முன்பு மீன் பிடித்தவர். அவருடைய அப்பா காலத்தில் புல்வே கண்ணில் பட்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்களாம், அன்றைக்கு மீன் கிடைக்காது என்று.

"எங்கப்பா இதைப் பாத்தா சோறு இல்ல. நான் இதைப் பாக்கலேன்னா சோறு இல்ல. பறவை அதேதான், தங்கச்சி" என்பார்.

நான் படம் எடுக்கிற மாப்பிள்ளைகளைப் பற்றியும் கிண்டல் உண்டு. "உன் கல்யாண மாப்பிள்ளைங்களவிட இது நல்லா நிக்குதே. ஒரு மணி நேரமா கண்ணு சிமிட்டல பாரு."

கூட்டுக்கு எதிரே ஒரு குடிசை இருந்தது. குடிசை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மிதக்கிற கோரைப் படுகையின் மேல் பலகை போட்டு, சுற்றிலும் கோரைத் தட்டி கட்டி, லென்ஸ் நீட்ட ஒரு துவாரம் விட்டிருக்கும். உள்ளே இரண்டு முக்காலி. வலப்பக்கம் எனக்கு. இடப்பக்கம் கவீசாவுக்கு.

அவருக்கு எதற்கு முக்காலி என்று கேட்பீர்கள். அதில்தான் எங்கள் தொழில் சூட்சுமம் இருக்கிறது. ஆள் ஒருவர் குடிசைக்குள் போவதைப் பறவை பார்த்துவிட்டால், அவர் வெளியே வரும்வரை அது கூட்டுக்கு வராது. அதனால் இரண்டு பேராக உள்ளே போவோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம். பிறகு ஒருவர் மட்டும் வெளியே வந்து, சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஆள் போய்விட்டான் என்று பறவை நிம்மதியாகிவிடும். பறவைக்கு எண்ணத் தெரியாது.

உள்ளே இருப்பவர் தானாகக் கிளம்பி வர முடியாது. கோரைப் படுகை மேலே பார்த்தால் தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் உள்ளே வாங்கிக்கொண்டு மேலே மூடிக்கொள்ளும். கீழே இரண்டு ஆள் ஆழம் தண்ணீர். செல்போனும் அங்கே எடுக்காது. அதனால் கூரைக் கழியில் ஒரு தகரக் குவளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும். வேலை முடிந்ததும் அதைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, நிறுத்தி, மறுபடி இரண்டு தட்டு. துறையில் ஆள் சத்தம் இருந்தால் அங்கே கேட்காது. ஓடை முகப்பில் தோணியோடு காத்திருக்கும் கவீசாவுக்குக் கேட்கும்.

குவளை என் இடப்பக்கம். கண் துவாரத்திலேயே இருக்கும், தேட வேண்டிய அவசியம் இருக்காது. கையை நீட்டினால் வந்து கையில் உட்காரும். விளிம்பில் பிறை மாதிரி ஓரிடம் உடைந்திருக்கும். என் கட்டைவிரல் சரியாக அங்கேதான் போய்ப் பதியும். எப்போதும் சில்லென்று, ஈரமாக இருக்கும். சதுப்பில் எதுதான் ஈரமில்லை?

குடிசையைக் கட்டியவர் செம்மண்டா என்று இன்னொரு தோணிக்காரர். நல்ல மனிதர். மார்ச் தொடக்கத்தில், ஒருநாள் விடிகாலையில் தோணியைக் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்க ரோட்டுக்குப் போனவர்மேல் லாரி ஏறிவிட்டது. அங்கேயே போய்விட்டார். எங்கள் பக்கம், இறந்தவர் மண்ணுக்குள் போகும்வரை யாரும் வேலைக்குப் போகக் கூடாது. மண்வெட்டிகூடத் தொட மாட்டார்கள். செம்மண்டாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதனால் மூன்று நாள் கிதோகோ துறையில் ஒரு தோணியும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு குடிசை கவீசாவின் பொறுப்புக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து நான் வந்தேன்.

இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

பெருமழைக் காலம் முழுக்க நனைந்த பறவையைத்தான் எடுத்தேன். சாம்பல் மழையில் சாம்பல் பறவை. வெளிச்சம் கிடையாது, லென்ஸில் பூஞ்சை, எனக்கு இருமல். ஜூனில் வெயில் வந்தது. ஜோடி கோரையை மிதித்து மிதித்துக் கூடு கட்டியது. ஜூலைக் கடைசியில் முட்டை. மதிய வெயிலில் தாய் அலகு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து முட்டைமேல் ஊற்றும். அந்தப் படத்தை எடுத்த அன்று மட்டும் எனக்கு அலுப்பு மறந்துபோனது. சிறுமழையில் குஞ்சு. தலையைவிட அலகு பெரிதாக, பார்க்கச் சிரிப்பு வரும்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் சரியில்லாமல்தான் இருந்தன. அப்போது நான் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

ஒன்று, கவீசாவின் முக்காலி. எப்போதும் ஈரம். அவருடைய ஈரக் கால்சட்டைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, பறவை. புல்வே அலகைக் கொட்டும். மரப்பலகையில் ஆணி அடிப்பது மாதிரி வேகமாக, டகடகடகவென்று. ஆனால் சில நாட்களில் வேறொரு சத்தமும் வந்தது. டக்... டக்... கொஞ்சம் நிறுத்தி, டக்... டக்... இதுவும் பறவைதான், கிழட்டுப் பறவை ஏதோ அலுத்துப்போய்க் கொட்டுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு, அது நிம்மதியாகவே இருந்ததில்லை. கவீசா பாடிக்கொண்டே போவார். மற்றக் குடிசைகளில் என்றால் பத்து நிமிடத்தில் பறவை தன் வேலையைப் பார்க்கும். இது பார்க்காது. கூட்டின் மேல் நின்று குடிசைப் பக்கமே முறைக்கும். பல நாள் அரை நாள்வரைக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

டிசம்பர் முதல் வாரம். மழை நின்றிருந்தது. குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை விரித்து விரித்துப் பார்க்கிறது என்று கவீசா போன் செய்தார். முந்தின நாள்தான் முக்கோனோவில் ஒரு கல்யாணம் முடித்திருந்தேன். கால் வீங்கியிருந்தது. ஆனாலும் கிளம்பினேன். இன்று விட்டால் இல்லை.

ஐந்தரை மணிக்குத் தோணி இறங்கியது. ஒரே மூடுபனி. கவீசாவுக்கு நெஞ்சுச் சளி. வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். குடிசைக்குள் போனோம். நான் முக்காலியை விரித்து... முக்காலி என்றால் கேமராவின் மூன்றுகால்... மட்டம் பார்த்தேன். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழி உண்டு. கொத்தனார் ரசமட்டத்தில் இருக்குமே, அதேதான். குமிழி நடுவில் நின்றால் படம் நேராக வரும்.

கவீசா உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"ஏம்மா, ஒவ்வொரு தடவையும் என் முக்காலியில தண்ணிய ஊத்தி வைக்கிறியே, உனக்கு என்ன சந்தோசம்?"

"நானா? நீங்கதானே ஈரத்தோட உக்காருறீங்க."

"நான் எங்க ஈரமா இருக்கேன்? தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்க்கவில்லை. அலுப்பு. கொஞ்ச நேரம் நின்றபடியே இருமிவிட்டு அவர் கிளம்பினார். அவர் வெளியேறியதும் பலகை என் பக்கம் தாழ்ந்தது. மிதக்கிற படுகையல்லவா, ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் சாயத்தான் செய்யும். குமிழி நடுவை விட்டு நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. படம் எடுக்கும் நேரத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று தேநீர்ப் பிளாஸ்கைத் திறந்தேன்.

தோணி போகும் சத்தம். அன்றைக்குப் பாட்டு இல்லை, இருமல்தான். அதுவும் தேய்ந்து போனது.

தேநீரைக் குடித்து முடித்துக் குமிழியைப் பார்த்தேன்.

நடுவில் இருந்தது.

நான் அதைத் தொடவில்லை. கேமராவையும் தொடவில்லை. பலகைதான் மறுபடி மட்டமாகிவிட்டது. தண்ணீர் ஏதோ அசைந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் மெதுவாக உறைத்தது. இந்த வருடம் முழுக்க, கவீசா உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டம் வைப்பேன். அவர் போன பிறகு ஒரு தடவைகூட மாற்றி வைத்ததில்லை. மாற்ற வேண்டிய தேவையே வந்ததில்லை.

ஒரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிற பலகை எப்படி மட்டமாக இருக்கும்?

இரவு தூங்காத மூளை எதையாவது கிளப்பும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கண்ணைத் துவாரத்தில் வைத்தேன். பனி விலகியது. வெயில் வந்தது. எட்டரை மணிக்குத் தாய்ப் பறவை வந்து இறங்கியது. அலகில் நீளமாக ஒரு மீன். குஞ்சு விளிம்புக்கு ஓடிவந்து இறக்கையை விரித்தது. கால்கள் துள்ளின. இதோ, இப்போது என்று விரலை வைத்தேன்.

தாய் குடிசைப் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது. மீன் அலகிலிருந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவில்லை. தாய் அசையாததைப் பார்த்துக் குஞ்சும் இறக்கையை மடக்கிக்கொண்டது.

கால் மணி நேரம். அரை மணி நேரம். அசையவில்லை.

எடுத்த படங்களைச் சும்மா கேமராத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுப்பவளுக்குக் கண்தான் முக்கியம். பறவை லென்ஸைப் பார்க்கவில்லை. லென்ஸுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மற்றப் படங்கள் நினைவுக்கு வந்தன. மார்ச்சில் பறவை எங்கோ தள்ளி, இடப்பக்கக் கோரைக்குள் பார்க்கும். நீர்நாய் இருக்கிறது என்று நினைத்தேன். ஜூனில் அந்தப் பார்வை குடிசைக்குக் கொஞ்சம் அருகில் வந்திருந்தது. முட்டையின் படத்தில் குடிசையின் மூலையில். குஞ்சின் படங்களில் தட்டி ஓரத்தில். ஒவ்வொரு பருவத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக...

இன்று என் தோளுக்குப் பக்கத்தில்.

இடப்பக்க முக்காலியில்.

நான் திரும்பவில்லை. திரும்பியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். கழுத்து திரும்ப மறுத்தது.

சேற்று வாடை வந்தது. சதுப்பில் எப்போதும் வருகிற வாடைதான். ஆனால் இது... அருகில் இருந்தது. ஆள் மூச்சு விடுகிற தூரத்தில்.

முக்காலி கிரீச்சென்றது.

"கவீசா அண்ணே?" என்றேன். அவர் போய் மூன்று மணி நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தும் கேட்டேன்.



படமும் வேண்டாம், சுவரும் வேண்டாம். வீட்டுக்குப் போனால் போதும். கண்ணைத் துவாரத்திலிருந்து எடுக்காமல் இடக்கையை நீட்டினேன்.

குவளை கையில் வந்து உட்கார்ந்தது.

விளிம்பின் உடைந்த இடத்தில் கட்டைவிரல் பதிந்தது. வலக்கை மோதிரத்தால் தட்டினேன். டக்... டக். நிறுத்தினேன். டக்... டக்.

குவளையை விட்டுவிட்டேன். இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன்.

டக்... டக்.

என் கைகள் மடியில்தான் இருந்தன.

டக்... டக்.

சத்தம் மேலே இல்லை... பலகைக்குக் கீழே.

டக்...

டக்...

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தோணி வந்து இடித்தது. கவீசாவின் இருமல். என் வாழ்நாளில் ஓர் இருமலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"போதும் போதும், வந்துட்டேன். எட்டு மணியிலிருந்து விடாம தட்டிக்கிட்டே இருக்கியே, நான் வர வேண்டாமா? ஓடையில மரம் விழுந்து கெடக்கு."

எட்டு மணிக்கு நான் தட்டவில்லை.  கேமராவைக் கழற்றிப் பையில் திணித்து, இடப்பக்கம் பார்க்காமலே பின்பக்கமாக நகர்ந்து தோணியில் ஏறினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கழியை ஊன்றித் தள்ளினார். தோணி நகரவில்லை. மறுபடி தள்ளினார்.

குனிந்து தோணியின் விளிம்பைப் பார்த்தார். தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழேவரை வந்திருந்தது. எங்கள் இருவரோடு அந்தத் தோணி அவ்வளவு தாழாது.

"கல்லு ஏத்தியிருக்கியா?"

"இல்ல."

"பின்னே?"

  தோணிக்காரருக்குப் பாரம் தெரியும். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த பலகையை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைப் பார்க்காமலே கழியை ஊன்றினார்.

ஓடையில் கொஞ்ச தூரம் போனதும் நான் திரும்பிப் பார்த்தேன். தாய்ப் பறவை இன்னும் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தோள்களைத் தளர்த்தியது. ஆமாம், ஒரு வருடத்தில் முதல்முறையாக அதன் கழுத்து இறங்கியது. அலகைக் கொட்டியது. டகடகடகவென்று, நல்ல பறவைச் சத்தம். கீழே கிடந்த மீனை எடுத்துக்கொண்டு குஞ்சுக்குக் கொடுக்காமல் அப்பால் பறந்தது. குஞ்சு விளிம்புக்கு ஓடியது. குதித்தது. அந்தப் பெரிய அலகைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, தாழ்வாக, காலி குடிசையின் மேல் பறந்து போனது.

என் கேமரா பைக்குள் இருந்தது. பையின் வாரைக்கூட நான் தொடவில்லை. ஒரு வருடம் காத்திருந்த படம் கண்முன் போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. பறவைக்கு எண்ணத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேனே என்று மட்டும் தோன்றியது.

துறை வந்தது. நானும் இறங்கவில்லை, கவீசாவும் இறங்கவில்லை. தோணி லேசாக ஆடியது. பிறகு பாரம் குறைந்து மேலே எழும்பியது.

கரைச் சேற்றில் ஒன்றும் இல்லை. காலடியும் இல்லை. இருவரும் வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தோம்.

லென்ஸை விற்றுவிட்டேன். கண்காட்சிக்காரர்கள் அந்தச் சுவரை வேறு யாருக்கோ கொடுத்தார்கள்.

ஜனவரிக் கடைசியில் கவீசா கூப்பிட்டார். கடும் வெயிலில் ஏரி உள்வாங்கிவிட்டது. குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பலகையைப் பிரிக்கப் போனோம். நீ வா, என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் குரல் சரியில்லை.

நான் போனபோது போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். கரையில் ஒரு பாய் விரித்து, மேலே ஒரு துணி மூடியிருந்தது. இடப்பக்க முக்காலிக்கு நேர் கீழே, கோரை வேர்களுக்குள் இருந்தாராம். எலும்பும் சட்டையும். கழுத்தில் கேமரா வார். பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அடையாள அட்டை. பெயர் ஆண்டமா, தொலைவில் அருவா என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார்.

இரண்டு நாளில் அவருடைய தம்பி அருவாவிலிருந்து வந்தார். பத்து மாதமாக அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தவர். மார்ச்சில் ஒரு நாள் ராத்திரி போன் செய்து, நாளை விடிகாலை புல்வேயைப் படம் எடுக்கப் போகிறேன், செம்மண்டா என்று ஒருவர் கூட்டிக்கொண்டு போகிறார் என்றாராம். எந்தத் துறை என்று சொல்லவில்லை. அண்ணன் கொடுத்திருந்த செம்மண்டாவின் எண்ணுக்குப் பல நாள் போட்டுப் பார்த்தோம், எடுக்கவே இல்லை என்றார் தம்பி.

அந்த நாள் எது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. செம்மண்டா ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போலப் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே வந்து, தோணியைக் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். உள்ளே ஓர் ஆள் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

கவீசா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாள்" என்றார். "மூணு நாள் நாங்க தோணி இறக்கல. மரியாதைன்னு கரையிலயே உக்காந்து அழுதோம், பறை அடிச்சோம். அவரு அங்க தட்டிக்கிட்டே இருந்திருக்காரு, தங்கச்சி. எங்க சத்தத்துல எங்களுக்குக் கேக்கல."

 உடல் கிடைக்காது என்று நினைத்து, அண்ணனுக்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டைப் புதைத்துவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்களாம். தம்பி கவீசாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிறகு வண்டியில் ஏற்றுவதற்காகத் துணியை விலக்கினார்.

அப்போதுதான் பார்த்தேன். வலது மணிக்கட்டில் நைலான் கயிறு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. கயிற்றின் நுனியில் ஒரு தகரக் குவளை. போகும் வழியிலும் தட்டிக்கொண்டே போகலாம் என்று கூடவே எடுத்துக்கொண்டு கோரையில் இறங்கியிருக்கிறார்.

குவளை முழுக்கத் துரு. விளிம்பில் பிறை மாதிரி ஓரிடம் உடைந்திருந்தது.

கவீசாவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"அந்தக் குவளை எப்பலேருந்து குடிசையில இல்ல?"

"அது செம்மண்டாவோடது. நான் குடிசையை எடுத்தப்பவே காணோம். வெறும் கயித்து நுனிதான் தொங்குச்சு. நீதான் வேற கொண்டாந்து தட்டுறேன்னு நெனச்சேன்."

"நான் எதையும் கொண்டு வரல, அண்ணே."

அவர் என் இடக்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கட்டைவிரல் இன்னும் அந்த உடைந்த இடத்தின் அளவுக்கு வளைந்திருந்தது.

அந்த வருடம் முழுக்க, வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் கையை நீட்டியபோதெல்லாம், யாரோ ஒருவர் குவளையை என் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.